ஆண் முயல் சேர்கிறது, பெண் சினை பிடிப்பதில்லை: குறை எந்தப் பக்கம்?

மல்லூர் முயல்காரன் | ஜூன் 17

வணக்கம். சேலம் மல்லூர்ப் பக்கம் சிறிய முயல் பண்ணை வைத்திருக்கிறேன். வெள்ளை ஜெயண்ட், நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா என்று கலந்து இருபது பெண், மூன்று ஆண். பொங்கல் வரை ஈற்றுக்கு ஏழு, எட்டுக் குட்டிகள் கிடைத்தன. சித்திரையில் அது மூன்று, நான்காகக் குறைந்தது. இப்போது சேர்த்த பெண்களில் பாதிக்கு மேல் வயிறு காலி.

ஆண்களிடம் சோம்பல் எதுவும் தெரியவில்லை. பெண்ணைக் கூண்டில் விட்டவுடன் ஏறுகின்றன. முடிந்ததும் வழக்கம்போல ஒரு முனகலோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுகின்றன. அதனால் ஆணைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

தீவனம் விற்பவர், “பெண்கள் கொழுத்துவிட்டன, தீவனத்தை மாற்றுங்கள்” என்கிறார். முயல் விற்பவர், “புது ஆண் வாங்குங்கள்” என்கிறார். இருவரும் தத்தம் கடையைத்தான் காட்டுகிறார்கள். விற்பதற்கு ஒன்றும் இல்லாத யாராவது சொல்லுங்கள்.

வாழப்பாடியான் | ஜூன் 17

வைட்டமின் ஈ சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கூடவே முளைகட்டிய பயறு. எங்கள் ஊரில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

பழைய ஆய்வாளர் | ஜூன் 17

தம்பி, மருந்துக்குப் போவதற்கு முன் இரண்டு கேள்விகள். எந்தப் பெண்ணை எந்த ஆணிடம் விட்டீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? காலியாகப் போன பெண்களில் ஏதாவது ஒன்று, சேர்த்த 16, 17ஆம் நாள் வாக்கில் மார்பு மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டப் பார்த்ததா?

இரண்டாவது கேள்விக்குக் காரணம் உண்டு. மாடு, ஆடுபோல முயலுக்குக் கருமுட்டை தானாக வெளிவருவதில்லை. இணை சேரும் தூண்டுதல் கிடைத்த பிறகுதான், ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரத்தில் வெளிவரும். அப்படி வெளிவந்த முட்டைகளுக்கு உயிருள்ள விந்தணு கிடைக்காவிட்டாலும் பெண்ணின் உடம்பு சினை என்றே நம்பி நடந்துகொள்ளும். பொய்ச்சினை என்பது இதுதான். இரண்டரை வாரத்தில் அந்த மயக்கம் தெளியும்போது அது மயிரைப் பிடுங்கும். உண்மையான சினையில் அந்த வேலை 30ஆம் நாளை ஒட்டித்தான் நடக்கும். ஆக, பதினேழாம் நாள் மயிர் பிடுங்கிய பெண் தன் பங்குக்கு முட்டையை விட்டுவிட்டது. கணக்கை ஆணிடம் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பெண்கள் ஒரே கூண்டில் சேர்ந்து இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறியே பொய்ச்சினை வந்துவிடும். உங்களிடம் தனிக் கூண்டு என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

மல்லூர் முயல்காரன் | ஜூன் 18

ஐயா, எல்லாம் தனிக் கூண்டுதான். நோட்டை எடுத்துப் பார்த்தேன். காலியாகப் போன பெண்களில் நான்கு இப்படி மயிர் பிடுங்கியிருக்கின்றன. ‘நாள் தப்பாக எழுதிவிட்டோமோ’ என்று அப்போது என் மனைவி கேட்டார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. காலியாகப் போனவை ஏறக்குறைய எல்லாமே முதல் ஆண், இரண்டாம் ஆண் இவற்றிடம் விட்டவை. மூன்றாவது ஆணிடம் விட்ட பெண்கள் பெரும்பாலும் சினை. அந்த மூன்றாவது ஆண் கொட்டகையின் கிழக்கு ஓரத்தில், வேப்பமர நிழலில், கீழ் அடுக்கில் இருக்கிறது. மற்ற இரண்டும் மேற்குப் பக்கம், மேல் அடுக்கு. கூரை சிமெண்ட் அட்டை.

நாகலூர் அக்கா | ஜூன் 18

தம்பி, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். மேற்குப் பக்கம், மேல் அடுக்கு, சிமெண்ட் அட்டை. கத்திரியில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த இடத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தால் மயக்கம் வந்திருக்கும். முயலுக்கு அல்ல, உங்களுக்கு.

நான் ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டி முயல் வளர்க்கிறேன். இங்கே மே மாதத்திலும் 30 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கீழே உங்களுக்கு 40ஐ ஒட்டிப் போகிறது. முயலுக்கு வியர்வை கிடையாது. காதுதான் அதற்குச் சூட்டை வெளியேற்றும் வழி. வெயில் காலத்தில் ஆண் முயலின் காதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரத்தக் குழாய்கள் புடைத்துக் காது முழுவதும் சிவந்து தெரியும். உடம்பை நீட்டிப் படுத்து, விரைப்பையை முடிந்த மட்டும் கீழே தொங்கவிட்டிருக்கும். குளிர் காலத்தில் அதே விரைகளை அடிவயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். விந்து உண்டாகும் இடம் உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வெளியில் 30 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் அந்த ஏற்பாடு தோற்றுவிடும்.

இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெயில் விந்தணுவைக் கெடுக்கிறது. ஏறும் ஆசையை அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை. ஏறுகிறது, முனகுகிறது, விழுகிறது. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

இன்னொரு ஏமாற்றம் நாள் கணக்கில். ஒரு விந்தணு விரைக்குள் உருவாக ஏறத்தாழ 50 நாள். பிறகு அது முதிர்ந்து வெளிவரும் குழாயைக் கடக்க இன்னும் எட்டு, பத்து நாள். மொத்தம் இரண்டு மாதம். கத்திரி வைகாசி நடுவில் முடிகிறது. மழை பெய்து, காற்று குளிர்ந்து, நாம் வெயிலை மறந்துவிடுகிறோம். உங்கள் ஆண் இன்று இறக்கும் சரக்கு கத்திரியில் தயாரானது. ஆடி முடியும் வரை அதுதான் வந்துகொண்டிருக்கும். ஆனியில் ஆணை விற்றுவிட்டு, ஆவணியில் ‘புது ஆண் வந்த யோகம்’ என்று சொல்லும் பண்ணைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய ஆணே அப்போது தேறியிருக்கும்.

ஓமலூர் எதிர்க்கட்சி | ஜூன் 19

அக்கா மலை மேல் உட்கார்ந்துகொண்டு சமவெளிக்கு ஜாதகம் கணிக்கிறார். மூன்று ஆட்சேபணைகள் சொல்கிறேன்.

ஒன்று: பதினேழாம் நாள் மயிர் பிடுங்கினால் முட்டை வெளிவந்தது என்று மட்டும்தான் பொருள். கரு உருவாகி, முதல் சில நாட்களில் பெண்ணின் உடல் சூட்டில் அழிந்திருந்தாலும் அதே நாளில் அதே மயிரைத்தான் பிடுங்கும். வெயில் பெண்ணையும் சுடும். தீவனம் குறையும், இளங்கரு நிற்காது, குட்டி எண்ணிக்கை குறையும். ஆணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

இரண்டு: என் ஆண்களும் ஓமலூர் வெயிலில்தான் நிற்கின்றன. எனக்கு இப்படி ஆகவில்லை.

மூன்று: மூன்றாவது ஆண் நன்றாக இருப்பதற்கு வேப்பமரம்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? வயது என்ன? வேறு இடத்தில் வாங்கியதா?

பழைய ஆய்வாளர் | ஜூன் 19

முதல் ஆட்சேபணை சரியானது. நான் அதைச் சொல்லாமல் விட்டேன், நீங்கள் சொன்னதற்கு நன்றி. அதனால்தான் முதல் கேள்வியாக ஆண்வாரியான கணக்கைக் கேட்டேன். பெண்கள் கொட்டகை முழுக்கப் பரவி இருக்கின்றன. எல்லாப் பெண்களுக்கும் ஒரே வெயில். கருக்கள் பெண்ணின் சூட்டில் அழிந்திருந்தால் மூன்று ஆண்களின் கணக்கிலும் அடி விழுந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்களின் கணக்கில் மட்டும் விழுந்திருக்கிறது. சித்திரையில் எல்லா ஈற்றிலும் குட்டி குறைந்ததே, அதில் பெண்ணின் பங்கு இருக்கலாம்.

மூன்றாவது ஆட்சேபணைக்குப் பதில் தம்பியிடம்தான் இருக்கிறது.

மல்லூர் முயல்காரன் | ஜூன் 19

முதல் இரண்டும் ‘யூனிட்’டாக வாங்கியபோது வந்தவை. ஒரு யூனிட் என்றால் ஏழு பெண், மூன்று ஆண் என்று சேர்த்து விற்பார்கள் அல்லவா, அது. அந்த யூனிட்டில் வந்த மூன்று ஆண்களும் ஒரே ஈற்றுக் குட்டிகள் என்று பிறகுதான் தெரிந்தது. பெண்களில் சிலவும் அவற்றின் உடன்பிறப்புகளே. விற்றவரிடம் கேட்டபோது, “அதனால்தானே ஒரே மாதிரி அழகாக இருக்கின்றன” என்றார். அவற்றில் ஒன்று இறந்த பிறகு, இந்த மூன்றாவது ஆணை நீலகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் மூலம் வாங்கினேன். வயது ஒன்றரை இருக்கும். மற்ற இரண்டும் இரண்டரையைத் தாண்டியவை.

ஓமலூர் எதிர்க்கட்சி | ஜூன் 19

பார்த்தீர்களா. வயது வேறு, வம்சம் வேறு, கூண்டு வேறு. வேப்பமரத்துக்கு மட்டும் மாலை போடாதீர்கள்.

கண்ணாடித் தகடு | ஜூன் 20

இவ்வளவு வாதத்துக்கும் ஒரு சொட்டு விந்தை நுண்ணோக்கியில் பார்த்தால் முக்கால் பங்கு பதில் கிடைத்துவிடும். நான் சேலத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். விடுமுறை நாளில் ஆண்களையும் ஒரு பெண்ணையும் கூடையில் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்கிறேன். கட்டணம் இல்லை. விற்பதற்கும் என்னிடம் ஒன்றும் இல்லை.

என்ன பார்ப்போம் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். நல்ல ஆண் ஒரு முறைக்கு ஏறத்தாழ அரை மில்லி விடும். நிறம் தந்த வெள்ளை. மஞ்சள் தட்டினால் சிறுநீர் கலந்திருக்கிறது, அந்த மாதிரியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. சில ஆண்களுக்குக் கூடவே பசைபோன்ற ஒரு கட்டியும் வரும், அதை எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். மில்லிக்கு 15 கோடி முதல் 50 கோடி விந்தணு வரை இருக்கலாம். நூற்றுக்கு எழுபதாவது நகர வேண்டும். குறைந்த உருப்பெருக்கத்தில் நல்ல விந்து கொதிக்கும் உலைபோலச் சுழன்றுகொண்டிருக்கும்.

வீட்டில் நுண்ணோக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கண்ணாடித் தகட்டை 37 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். குளிர்ந்த தகட்டில் சொட்டு விட்டால் நல்ல விந்தணுவும் முடங்கிவிடும். இந்தக் காரணத்தாலேயே ‘மலடு’ என்று பெயர் வாங்கி அடுப்புக்குப் போன ஆண்கள் உண்டு.

மல்லூர் முயல்காரன் | ஜூன் 20

கொண்டுவருகிறேன் சார். விந்தை எப்படி எடுப்பீர்கள்?

கண்ணாடித் தகடு | ஜூன் 20

மாட்டுக்குச் செய்வதுபோலத்தான், சிறிய அளவில். ஒரு குட்டைக் குழாய், உள்ளே மெல்லிய ரப்பர் உறை, இரண்டுக்கும் நடுவில் வெந்நீர், நுனியில் ஒரு சிறு கண்ணாடிச் சோதனைக் குழாய். உறையின் உட்புறம் 42 முதல் 45 டிகிரி இருக்க வேண்டும். பெண்ணை முன்னால் நிறுத்தி, ஆண் ஏறும்போது குழாயைக் கீழே நீட்டினால் சில நொடியில் முடிந்துவிடும். சூடு குறைந்தால் ஆண் திரும்பிக்கூடப் பார்க்காது. கூடினால் அதன்பிறகு உங்கள் கையைக் கண்டாலே ஓடும். பழகாத ஆண் முதல் முறை கொடுக்காமலும் போகலாம்.

ஆத்தூர் திப்பி வியாபாரி | ஜூன் 21

யாரும் தீவனத்தைக் கேட்கவில்லையே? என்ன கொடுக்கிறீர்கள்?

மல்லூர் முயல்காரன் | ஜூன் 21

வேலிமசால், அகத்தி, கொஞ்சம் சூபாபுல். அடர் தீவனம் நானே கலப்பது: மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, மரவள்ளித் திப்பி. மாடுகளுக்கு ஊறவைக்கும் பருத்திக்கொட்டை மீந்தால் ஆண் முயல்களுக்கு ஒரு பிடி போடுவேன். சத்து என்று சொன்னார்கள்.

ஆத்தூர் திப்பி வியாபாரி | ஜூன் 21

திப்பி என் பிழைப்பு, இருந்தாலும் சொல்கிறேன். காய்ந்த திப்பி வெறும் மாவுச்சத்து. அளவோடு போட்டால் கெடுதல் இல்லை, மிஞ்சினால் ஆண் கொழுக்கும். கொழுத்த ஆண் ஏறவே மூச்சு வாங்கும். ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்த திப்பி வேறு கதை. ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும்போதே ஈரம், அதை அடுக்கி வைத்தால் உள்ளே பூஞ்சை. கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும், புளித்த வாடை வரும். அதைப் போடாதீர்கள்.

பழைய ஆய்வாளர் | ஜூன் 21

பூஞ்சை விஷயத்தில் கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் திப்பிக்கு அண்ணன்கள். அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு கல்லீரலைத்தான் முதலில் பிடிக்கும், அதோடு விந்தின் தரமும் இறங்கும். கண்ணுக்குப் பூஞ்சை தெரியாவிட்டாலும் நச்சு இருக்கலாம். ஆகவே மழைக்காலத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டை மூட்டையாக வாங்கிச் சேர்க்காதீர்கள்.

பருத்திக்கொட்டையை இன்றே நிறுத்துங்கள் தம்பி. அதில் காசிபால் என்றொரு பொருள் இருக்கிறது. வளர்ந்த மாட்டின் முதல் வயிறு அதை ஓரளவு முறித்துவிடும். முயலுக்கு அந்த வயிறு இல்லை. காசிபால் விந்தணு உண்டாவதையே குறைக்கும், நகர்வையும் மந்தமாக்கும். ஆணின் ‘சத்துக்கு’ என்று அதைத் தேடிப் போடுவதுதான் வேடிக்கை. சூபாபுல்லிலும் மைமோசின் இருக்கிறது. மயிர் உதிரும், இனப்பெருக்கம் கெடும். பசுந்தீவனத்தில் ஒரு சிறு பங்குக்கு மேல் வேண்டாம்.

மற்றபடி மூன்று, நான்கு கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளைக்கு 100 முதல் 125 கிராம் அடர் தீவனமும் நல்ல பசுந்தீவனமும் தாராளம். வாழப்பாடித் தம்பி சொன்ன வைட்டமின் ஈ, பசுந்தீவனமே இல்லாமல் வளர்ப்பவர்களுக்குப் பயன்படும். வேலிமசால் தின்னும் முயலுக்கு அது சொட்டு மருந்துக் கடைக்காரரின் விந்தைத்தான் பெருக்கும்.

நாகலூர் அக்கா | ஜூன் 21

ஐயா!

பழைய ஆய்வாளர் | ஜூன் 21

மன்னிக்கவும் அம்மா. பணி ஓய்வு பெற்றால் நாக்கும் ஓய்வு பெற வேண்டும் என்று வீட்டிலும் சொல்கிறார்கள்.

கண்ணாடித் தகடு | ஜூன் 25

மல்லூர்க்காரர் அனுமதியோடு எழுதுகிறேன்.

மூன்றாவது ஆண்: தந்த வெள்ளை, நல்ல அடர்த்தி, சுழல் தெளிவாகத் தெரிந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் ஆண்: நிறமே நீர்த்த மோர். அணுக்கள் எண்ணிக்கை குறைவு. இருப்பவற்றிலும் பாதிக்கு மேல் நகரவில்லை. நகர்பவை நேராகப் போகாமல் ஒரே இடத்தில் வட்டமடித்தன. சாயம் ஏற்றிப் பார்த்தபோது வால் சுருண்ட அணுக்கள் நிறைய. சாயத்தைக் குடித்துச் சிவந்து கிடந்தவை எல்லாம் இறந்தவை. உயிருள்ளவை சாயத்தை உள்ளே விடாது, வெள்ளையாகவே நிற்கும்.

இரண்டாம் ஆண்: முதல் மாதிரி மஞ்சள், கொட்டிவிட்டோம். சற்று நேரம் கழித்து எடுத்த இரண்டாவதில் அடர்த்தி மிகவும் குறைவு. அதோடு, பல அணுக்களின் கழுத்தில் ஒரு சிறு துளி ஒட்டிக்கொண்டிருந்தது. முதிர்வதற்கு முன்பே வெளியே வந்துவிட்ட அணுக்களின் அடையாளம் அது. மிக இளம் ஆண்களிடமும், அளவுக்கு மீறிப் பயன்படுத்தும் ஆண்களிடமும் காணலாம். உங்கள் ஆண் இளமையும் இல்லை. அதை எப்படி உபயோகிக்கிறீர்கள்?

மல்லூர் முயல்காரன் | ஜூன் 25

சினை பிடிக்கவில்லை என்பதால் விட்ட பெண்களையே மறுபடி மறுபடி அதனிடம் விட்டேன். சில நாள் காலையும் மாலையும்.

பழைய ஆய்வாளர் | ஜூன் 25

சினை பிடிக்காததால் அதிகம் சேர்ப்பது, அதிகம் சேர்ப்பதால் சினை பிடிக்காதது. இந்தச் செக்கில் பல பண்ணைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வாரத்தில் இரண்டு, மூன்று நாளுக்கு மேல் ஒரு ஆணைப் பயன்படுத்தாதீர்கள். அந்த நாளில் ஒரே பெண்ணிடம் அடுத்தடுத்து இரண்டு முறை ஏறினால் தவறில்லை. எட்டு, பத்துப் பெண்ணுக்கு ஒரு ஆண் என்ற கணக்கு இதை வைத்துத்தான். உங்களிடம் இருபது பெண்ணுக்கு மூன்று ஆண், போதும். மூன்றும் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கையோடு இரண்டு ஆண்களின் விரைகளையும் தடவிப் பாருங்கள். காலையில், குளிர்ந்த நேரத்தில், மிரளாமல் பிடித்து மல்லாத்தினால் இரு பக்கமும் மயிரில்லாத பையில் நீளவாக்கில் கிடக்கும். பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், அடிவயிற்றை மெல்ல வருடினால் இறங்கும். இரண்டும் ஒரே அளவா, ஒரே திடமா என்று பாருங்கள். ஒன்று சிறுத்து அல்லது கல்லாக இருந்தால் அந்த ஆண் தேறும் என்று காத்திருப்பதில் பயனில்லை. குறியைச் சுற்றிப் புண், பக்கு, நீர்க்கசிவு இருந்தால் எந்தப் பெண்ணிடமும் விடாதீர்கள். முயல்களுக்கும் மேகப்புண் போன்ற தொற்று உண்டு, சேர்க்கையில்தான் பரவும். அது நம்மைத் தொற்றாது, பண்ணையைச் சுற்றி வந்துவிடும். சொறி, மூக்குச்சளி என்று எந்த நோயில் காய்ச்சல் அடித்திருந்தாலும் அதையும் ஒரு கத்திரியாகவே கணக்கில் வையுங்கள். அதே இரண்டு மாதம் பிடிக்கும்.

மல்லூர் முயல்காரன் | ஜூன் 26

இரண்டாம் ஆணின் வலது விரை இடதில் பாதிதான் இருக்கிறது. இத்தனை நாளும் பார்த்ததில்லை, சொல்லாவிட்டால் இனியும் பார்த்திருக்க மாட்டேன்.

அக்காவிடம் ஒரு கேள்வி. வரும் கோடையில் ஆண்களை மட்டும் மலைக்கு ஏற்றி உங்கள் பண்ணையில் விட்டு வைக்கலாமா? பங்குனி முதல் ஆனி வரை. தீவனச் செலவு கொடுத்துவிடுகிறேன்.

நாகலூர் அக்கா | ஜூன் 27

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, நானும் ஒரு காலத்தில் இதைத் தொழிலாகச் செய்யலாமா என்று யோசித்தேன். செய்யவில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

ஆண் மலையில் இருந்தால் உங்கள் பெண்களை யாரிடம் சேர்ப்பீர்கள்? கோடையில் சேர்க்கையை நிறுத்திவிடுவதாக இருந்தால் சரி, ஆனால் அப்போது மூன்று, நான்கு மாதம் வருமானம் இல்லை. அடுத்தது நோய். ஊர் ஊராக வரும் ஆண்களை ஒரே கொட்டகையில் அடைத்தால் ஒன்றின் சொறியும் மூக்குச்சளியும் எல்லாவற்றுக்கும் வரும். அதுவும் எங்கள் ஊரில் மூடுபனி, ஈரக்காற்று. கீழே வெறும் தும்மலாக இருந்தது இங்கே நெஞ்சுச் சளியாகும். முயலை வாங்கும்போது மூக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள், முன்னங்காலின் உட்புறத்தைப் பாருங்கள். மூக்கைத் துடைத்துத் துடைத்து அங்கே மயிர் பிசுபிசுத்து ஒட்டியிருக்கும். விற்பவர் மூக்கைத் துடைத்துவிடுவார், காலைத் துடைக்க மறந்துவிடுவார்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் வேறு. கோடை விழாக் கூட்டத்தில் வண்டி நகராமல் வெயிலில் நின்றால், குளிர்ச்சிக்காகக் கொண்டுவரும் முயல் வழியிலேயே சூட்டில் போய்விடும். குப்பனூர் வழியாக விடியற்காலையில் ஏறலாம். அப்படியும் சொல்வேன், மலையில் வளர்ந்த ஆணைக் கத்திரியில் கீழே இறக்குவது இதைவிட மோசம். என்னிடம் சித்திரையில் ஆண் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஐப்பசியில் வந்து ஐந்து மாதக் குட்டியாக வாங்கிப் போனால், மாசிக்குள் உங்கள் ஊர்க் காற்றுக்குப் பழகிவிடும்.

கீழேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஆண்களைக் கீழ் அடுக்குக்கு, கிழக்கு ஓரத்துக்கு மாற்றுங்கள். அட்டைக் கூரைக்கு மேலே சுண்ணாம்பு அடியுங்கள், அதன்மேல் தென்னங்கீற்றுப் பரப்புங்கள். பிற்பகலில் ஒரு பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துக் கூண்டுக்குள் போட்டால் ஆண் அதை அணைத்துப் படுத்துக்கொள்ளும். ஈரச்சாக்குப் படுதா தொங்கவிடுபவர்கள் காற்று ஊடுருவும் பக்கம் மட்டும் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஈரச்சாக்கால் அடைத்தால் உள்ளே புழுக்கம்தான் மிஞ்சும். சேர்க்கையை விடியற்காலையில் வையுங்கள், பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். பெண்ணின் கூண்டுக்கு ஆணைக் கொண்டுபோனால் அது மோப்பம் பிடித்துச் சுற்றுவதிலேயே நேரம் போகும், கடியும் வாங்கும்.

ஓமலூர் எதிர்க்கட்சி | ஜூன் 27

கீற்று, சுண்ணாம்பு, கீழ் அடுக்கு. என் கொட்டகை முதல்நாள் முதல் கீற்றுக் கொட்டகைதான். எனக்கு ஏன் பாதிப்பு இல்லை என்பது இப்போது எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் வயதையும் ஒரே ஈற்று வம்சத்தையும் நான் விடமாட்டேன். இரத்த உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் விந்தும் கெடும், குட்டியும் குறையும். வெயில் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடுகிறது.

பழைய ஆய்வாளர் | ஜூன் 28

மறுப்பதற்கில்லை. அண்ணன், தங்கை சேர்க்கையை நிறுத்துங்கள். வெளியிலிருந்து ஆண் வேண்டுமென்றால் நீலகிரியில் சாண்டிநல்லா, கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் ஆகிய இடங்களில் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் முயல் வளர்க்கின்றன. கையிருப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மல்லூர் முயல்காரன் | செப்டம்பர் 9

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் ஆணைக் கழித்துவிட்டேன். முதல் ஆணுக்கு ஆடி முழுவதும் ஓய்வு, கீழ் அடுக்கு, பருத்திக்கொட்டை இல்லை. ஆவணி தொடக்கத்தில் கண்ணாடித் தகடு சார் மறுபடி பார்த்துச் சுழல் திரும்பிவிட்டது என்றார். பிறகு சேர்த்த பெண்களைப் பதினான்காம் நாள் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் கோலிக்குண்டுபோலக் கருக்கள் உருளுகின்றன.

எது வேலை செய்தது என்று ஓமலூர் அண்ணா கேட்பார். தெரியாது அண்ணா, எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்துவிட்டேன்.

வாழப்பாடியான் | செப்டம்பர் 9

மாட்டுக்குப் போடுவதுபோல முயலுக்கும் சினை ஊசி போட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே? நல்ல ஆண் ஒன்றின் விந்து ஊருக்கே போதுமே?

கண்ணாடித் தகடு | செப்டம்பர் 10

இத்தாலி, ஸ்பெயின், பிரான்சில் பெரிய பண்ணைகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் மாட்டுக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. மாட்டு விந்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். முயல் விந்து உறைநிலையை நன்றாகத் தாங்காது, குட்டி எண்ணிக்கை குறையும். ஆகவே நீர்க்கச் செய்து, 15 முதல் 18 டிகிரியில் வைத்து, ஓரிரு நாளுக்குள் போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல், ஐயா முதலில் சொன்னது. ஆண் ஏறாவிட்டால் முட்டை வெளிவராது. ஆகவே விந்தைச் செலுத்தும் அதே நேரத்தில் முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் ஊசியும் போட வேண்டும். அதைக் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். ‘முட்டை வெளிவரப் பத்து மணி நேரம் ஆகுமே, விந்து வீணாகாதா’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வீணாகாது, அந்த நேரம் அதற்குத் தேவை. விந்தணு பெண்ணின் உடம்பில் சில மணி நேரம் தங்கிய பிறகே முட்டையைத் துளைக்கும் திறன் பெறுகிறது. 1951இல் எம்.சி. சாங், சி.ஆர். ஆஸ்டின் என்ற விஞ்ஞானிகள் இருவரும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். சாங் அதை முயலில்தான் கண்டார். 1959இல் அவரே முயல் முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்து குட்டிகளும் பெற்றுக் காட்டினார். மனிதருக்குச் சோதனைக் குழாய்க் குழந்தை வந்ததற்கு முன்னோடி நம் கூண்டில் கிடக்கும் இந்தப் பிராணி.

இருபது பெண் முயல் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு கட்டாது. நூற்றுக்கணக்கில் வைத்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் சினைப்படுத்துபவருக்குக் கட்டும்.

ஓமலூர் எதிர்க்கட்சி | செப்டம்பர் 10

கண்ணாடித் தகடு அவர்களுக்கு: என் ஆண்களையும் பார்த்துச் சொல்வீர்களா? இப்போது ஒரு முறை, கத்திரி முடிந்து ஒரு முறை. கீற்றுக் கொட்டகை எந்த அளவுக்குக் காப்பாற்றுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். எதிர்க்கட்சிக்காரன் என்பதற்காக மறுத்துவிடாதீர்கள்.

கண்ணாடித் தகடு | செப்டம்பர் 10

தாராளமாக. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் வாருங்கள். ஒத்துழைக்கும் பெண் முயல் ஒன்று கட்டாயம் வேண்டும். குறி சிவந்திருக்கிறதா என்று பார்த்துக் கொண்டுவாருங்கள். வெளிறிய பெண்ணைக் கொண்டுவந்தால் அன்றைய பொழுது முழுவதும் நாம் இருவரும் கொட்டகையில் ஓடிப் பிடித்துக்கொண்டிருப்போம்.